காத்திருக்கும் ஆண்டும் கடல் கடந்த தொண்டும்

(அக்கரப்பத்தனையில் வாலிபர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இளைஞருக்குப் பயன்படக்கூடிய ஒரு பொருளைப் பற்றிப் பேசவேண்டும் என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். எதைப் பேசுவது என்று நாம் நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இச்சபையின் முன்வரிசையில் இருப்போரிற் பலர் க.பொ.த. உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டு, பெறுபேற்றையும் அதன்பின் பல்கலைக்கழக அனுமதியையும் எதிர்பார்த்திருப்பவர்கள். பரீட்சை மண்டபத்தை விட்டு வெளிவந்த மாணவன் பல்கலைக்கழக வாசலை மிதிப்பதற்கு நமது நாட்டில் ஓராண்டும் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம். அந்தக் காலத்தை என்ன செய்வது என்பதே இன்றைய பொருள்.

இக்காலத்தில் நம் பிள்ளைகளுக்கு நேர்வது என்ன? டயகமவிலும் மன்ராசியிலும் ஹோல்புரூக்கிலும் உள்ள பெற்றோர் இதனை நன்கறிவர். பரீட்சை முடிந்த மறுமாதமே மகன் கொழும்புக்குக் கடைவேலைக்குப் போகிறான். மகள் லயத்தில் இருந்து தம்பி தங்கையரைப் பார்க்கிறாள். அல்லது கொழுந்துக் கூடையைத் தோளில் ஏற்றுகிறாள். உழைப்பதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் ஓராண்டு சம்பளம் கண்ட வீட்டுக்கு அந்தச் சம்பளம் இன்றியமையாததாகிவிடுகிறது. பல்கலைக்கழகக் கடிதம் வரும்போது, அதைக் கையில் வைத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று எண்ணுகின்ற நிலை உண்டாகிறது. இவ்வாறு படிப்பு நின்றுபோன பிள்ளைகளை நாம் எல்லாத் தோட்டங்களிலும் காண்கிறோம். ஆகவே இந்த ஓராண்டு சிறிய விஷயமன்று.

மேல்நாடுகளில் இக்காலத்தை வேறுவிதமாகப் பயன்படுத்தும் வழக்கம் ஒன்று உண்டு. பள்ளிப்படிப்பு முடிந்து பல்கலைக்கழகம் புகுமுன் ஓராண்டு பிறநாடு சென்று, ஒரு பள்ளியிலோ வைத்தியசாலையிலோ பண்ணையிலோ தொண்டு செய்து, அந்நாட்டு மொழியையும் கற்றுத் திரும்புவர். இது பணம் படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று பெரியோர் சிலர் நினைக்கக்கூடும். ஓரளவிற்கு அது உண்மையே. ஆயினும் அதன் பிறப்பைப் பார்த்தால் மரியாதை தோன்றும்.

முதலாம் மகாயுத்தத்தில் பிரான்சின் வெர்டன் பகுதியிலே பல கிராமங்கள் தரைமட்டமாயின. அவற்றுள் ஒன்றாகிய எஸ்ன் என்னும் ஊரை மீளக் கட்டுவதற்கு, 1920இல் சுவிஸ் நாட்டவராகிய பியர் செரசோல் என்பவர் யுத்தத்தில் எதிரெதிர் நின்ற நாட்டு மக்களை ஒன்றுசேர்த்து மண்வெட்டியோடு அழைத்துச் சென்றார். அதிலிருந்தே சேர்விஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற உலகத் தொண்டர் இயக்கம் வளர்ந்தது. 1958இல் பிரித்தானியாவில் அலெக் டிக்சன் என்பவர் பள்ளி முடித்த 18 வயது மாணவரை ஓராண்டுத் தொண்டுக்காகக் கடல் கடந்து அனுப்பத் தொடங்கினார். 1961இல் அமெரிக்காவின் சமாதானப் படை தோன்றியது. அதன் தொண்டர்கள் 1962இல் நமது நாட்டுக்கும் வந்தனர். 1965இல் யப்பான் தன் இளைஞரை அனுப்பத் தொடங்கியது. நமது நாடும் இதிற் பின்னிற்கவில்லை. 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்தின தம் மாணவரைக் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்ற ஒதுக்கப்பட்ட மக்களின் கிராமத்திற்கு அழைத்துச் சென்றார். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கேதான் வித்தூன்றியது.

இவற்றுள் யப்பானிய முறையில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அத்தொண்டர்கள் விமானம் ஏறுமுன் கொமகனே, நிஹொன்மத்சு ஆகிய இடங்களிலுள்ள பயிற்சி நிலையங்களில் தங்கி, போகவேண்டிய நாட்டின் மொழியைக் கற்கிறார்கள். மொழி முதலாவது, பிரயாணம் இரண்டாவது. செல்வம் மிகுந்த நாட்டவரே இந்த ஒழுங்கைக் கைக்கொள்கின்றனர் என்றால், கையிற் பொருளில்லாத நாம் அதனை எத்துணை இறுகப் பற்றவேண்டும்!

அன்பர்களே, கடல் கடத்தல் நமக்குப் புதிய காரியமன்று. இச்சபையில் உள்ள ஒவ்வொருவருடைய பாட்டனோ பூட்டனோ கடல் கடந்தவர்தாம். அவர்கள் எப்படி வந்தார்கள்? கங்காணி கொடுத்த முற்பணத்தில் வந்தார்கள். மண்டபத்து முகாமில் நின்று, தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரச் சீட்டைப் பெற்றுக்கொண்டு வந்தார்கள். மலையேறி வந்து சேருமுன்பே வழிச்செலவு கடனாக எழுதப்பட்டிருந்தது. கடனைத் தீர்த்தால் இன்னாரை விடலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் தாளுக்குத் துண்டு என்று பெயர். அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921இல் சட்டம் வேண்டியிருந்தது. தாளில் எழுதியிருந்த பாஷை அவர்களுக்குத் தெரியாது. கணக்குப் புத்தகத்தை அவர்களால் வாசிக்க முடியாது. கடனும் மொழியறியாமையும் ஆகிய இவ்விரண்டுமே அவர்களைக் கட்டிப்போட்ட கயிறுகள்.

ஆகவே இன்று கடல் கடக்க விரும்பும் பேரப்பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றே. கடன்பட்டுப் போகாதீர்கள், மொழி கற்றுப் போங்கள். நாம் மேலும் சொல்லப்போவன யாவும் இதன் விரிவுரைதாம்.

முதலில் மொழியை எடுத்துக்கொள்வோம். எந்த மொழி என்று கேட்டால், கடல் கடந்த மொழிக்குமுன் பக்கத்து வீட்டு மொழியைச் சொல்லவேண்டும். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. எனினும் அலுவலகத்திலும் வைத்தியசாலையிலும் பொலிஸ் நிலையத்திலும் சிங்களம் தெரியாதவர் படும் அல்லலை நாமெல்லாரும் அறிவோம். சிங்களத்தைப் பேசவும் எழுதவும் தெரிந்த வாலிபன் தன் லயத்துக்கே ஒரு துணை. அடுத்தது ஆங்கிலம், எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பதற்கும் அது கோல்போல உதவும்.

இவ்விரண்டிலும் ஓரளவு கைவந்தபின், செல்ல விரும்பும் நாட்டின் மொழி. ஜெர்மன் மொழியை உதாரணமாகக் கொள்வோம். அதனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதற் படிக்கு, 45 நிமிஷப் பாடங்கள் 80 முதல் 200 வரை வேண்டும் என்று கோதே நிலையத்தார் கணக்கிடுகின்றனர். இருநூறு பாடம் என்பது 150 மணித்தியாலம். நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் ஐந்து மாதத்தில் முடிகின்ற காரியம். கோதே நிலையம் கொழும்பில் இருப்பதால், தங்குமிடச் செலவை எண்ணி மனந்தளர வேண்டியதில்லை. ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமாகிய டொய்ச்ச வெல்ல, நிக்கோஸ் வேக் என்ற பாடத்தொடரை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. யப்பான் அறநிலையம் இரோதோரி என்ற பாடநூலை அவ்வாறே வழங்குகிறது. ஆங்கிலத்துக்கு பி.பி.சி.யின் பாடங்கள் உண்டு. பாடத்தைக் கைத்தொலைபேசியிற் படித்துவிட்டு, பரீட்சைக்கு மாத்திரம் கொழும்பு செல்லலாம். ஆனால் ஒன்று: தனியே படிப்பவர் பத்தாம் பாடத்தோடு நின்றுவிடுவர். நாலுபேர் கூடிப் படித்தால் ஒருவரை ஒருவர் இழுத்துச் செல்வர்.

இந்தி கற்க விரும்புவோருக்கும் வழியுண்டு. கொழும்பிலுள்ள சுவாமி விவேகானந்தர் கலாசார நிலையத்தில் வகுப்புகள் நடக்கின்றன. ஆக்ரா நகரத்தில் உள்ள மத்திய இந்தி நிறுவனம் அயல்நாட்டு மாணவரை உதவிப்பணத்துடன் ஓராண்டு படிப்பிக்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அதற்குரிய விண்ணப்பம் இந்தியத் தூதரகத்தின் வழியாகவே செல்லவேண்டும். வயது முதலிய நிபந்தனைகளை அவ்வவ்வாண்டு அறிவித்தலிற் பார்த்துக்கொள்க. ஆக்ரா ஓயாக் கரையிற் பிறந்த பிள்ளை ஆக்ரா நகரிற் போய்ப் படித்து வந்தால் அதுவும் ஒரு பொருத்தந்தானே!

இனித் தொண்டுக்கு வருவோம். எங்கே எவ்வாறு இடம் தேடுவது? அரசாங்கங்களும் நெடுநாட் பெயர் பெற்ற இயக்கங்களும் திறந்துவைத்துள்ள கதவுகளையே முதலில் தட்டவேண்டும். ஜெர்மனியில் 2011 முதல் கூட்டரசுத் தொண்டர் சேவை என்ற சட்டபூர்வமான ஏற்பாடு உண்டு. முதியோர் இல்லம், ஊனமுற்றோர் இல்லம், சிறுவர் நிலையம் முதலியவற்றில் வேலை. கைச்செலவுப் பணமும் காப்புறுதியும் கிடைக்கும். அயல்நாட்டவரும் இடம் கிடைத்தால் விசாப் பெற்றுச் சேரலாம். ஆனால் மொழி தெரியாதவரை எந்த இல்லமும் எளிதில் ஏற்பதில்லை. 2008இல் தொடங்கிய வெல்ட்வேர்ட்ஸ் என்ற திட்டம் 18 முதல் 28 வயது வரையுள்ள ஜெர்மன் இளைஞரை நம்மைப் போன்ற நாடுகளுக்கு அனுப்பிவந்தது. பின்னர் நம்மைப் போன்ற நாட்டு இளைஞர் ஜெர்மனிக்குச் செல்லவும் அதில் வழி செய்யப்பட்டது. இங்குள்ள கூட்டு நிறுவனம் ஒன்றின் மூலமாகவே அதிற் சேரமுடியும். முன்பு சொன்ன செரசோலின் இயக்கம் இரண்டு மூன்று வாரத் தொண்டர் முகாம்களைப் பல நாடுகளில் நடத்துகிறது; ஓராண்டு செல்ல இயலாதவருக்கு அது ஏற்றது.

கடவுச்சீட்டே வேண்டாத தொண்டும் உண்டு. ஐக்கிய நாடுகள் தொண்டர் அமைப்பு இணையவழித் தொண்டு என்ற ஏற்பாட்டை நடத்துகிறது. 18 வயது நிரம்பியவர் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு, எழுத்து, கணினி வேலை முதலியவற்றால் உலகத்தின் எந்த மூலையிலுள்ள நிறுவனத்துக்கும் உதவலாம். கட்டணமில்லை. பெருங்காசு செலவழித்துப் பெறும் அனுபவத்தில் ஒரு பகுதியை இதிலேயே பெறலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறாவிட்டால் நாம் கடமை தவறியவராவோம். தொண்டு வேறு, தொழில் வேறு. கொரியாவுக்குப் போவது தொழில். 2004இல் இரு அரசாங்கங்களும் செய்துகொண்ட உடன்பாட்டின்கீழ், மொழிப் பரீட்சையிற் சித்தியெய்தி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் வழியாகச் செல்லவேண்டியது. தொண்டு என்று சொல்லிப் பெருந்தொகை கேட்பவரும், தொழில் என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் ஏற்றிவிடுபவரும் நம் மத்தியில் நடமாடுகின்றனர். கணினி வேலை என்ற சொல்லை நம்பிப் புறப்பட்ட நம் நாட்டு இளைஞர் மியன்மாரின் மியாவாடிப் பகுதி மோசடி முகாம்களில் அடைபட்டு, அரசாங்கம் தலையிட்டு மீட்கவேண்டியிருந்த செய்திகள் 2022ஆம் ஆண்டுக்குப் பின் பத்திரிகைகளில் வந்தன. அவர்களிற் படித்தவரும் இருந்தனர்.

எனவே எந்தக் கதவையும் திறக்குமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, அந்த நிறுவனத்தின் பெயரைக் கொழும்பிலுள்ள அந்நாட்டுத் தூதரகம் அறியுமா? இரண்டாவது, எந்த வகை விசா? சுற்றுலா விசாவில் நெடுநாள் தொண்டு செய்வதும் பல நாடுகளிற் சட்டவிரோதமாகும். மூன்றாவது, உணவு, உறைவிடம், காப்புறுதி, திரும்பும் டிக்கட்டு ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்பது எழுத்தில் உண்டா? நான்காவது, கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும்? அதை வாங்கி வைப்போம் என்று சொல்பவரிடம் போகவேண்டாம். ஐந்தாவது, முன்பு சென்று வந்தவர் ஒருவரோடு நேரிற் பேசமுடியுமா? இவ்வைந்தில் ஒன்றுக்கு மழுப்பலான பதில் வந்தாலும் நிறுத்திவிடுங்கள். தொழிலுக்குச் செல்வதாயின் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சீட்டைப் பற்றிச் சொன்னதனால் மற்றொரு காரியமும் நினைவுக்கு வருகிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் முதல் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை, ஒரு தாளுக்காக நம் மக்கள் காத்திருந்த காலம் 55 ஆண்டு. அந்த உரிமையைப் பெற்றபின்னும் நம் தாள்கள் ஒழுங்காயில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்து இடாப்பில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது எழுத்துக்கூட்டு. தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறியதால் காரியம் நின்றுவிடுவதுண்டு. இதைத் திருத்த மாதக்கணக்கில் பிரதேச செயலகத்துக்கு நடக்கவேண்டும். காத்திருக்கும் ஆண்டின் முதல் மாதத்திலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். வெளிநாடு போகாவிட்டாலும் அது வீண்போகாது.

இன்னும் ஒன்று. உள்ளூரில் ஒரு நாளும் தொண்டு செய்யாதவன் வெளியூரில் என்ன தொண்டு செய்வான்? மஸ்கெலியாவில் தோன்றிய டீ லீப் விஷன் என்ற பயிற்சிக்கூடம், தோட்டத்து இளைஞருக்கு ஓராண்டு ஆங்கிலம் கற்பித்து, அவர்களைக் கொண்டே தோட்டத்துச் சிறுவருக்குப் பாடம் சொல்லவைத்தது. கற்றதை உடனே பிறர்க்குக் கொடுத்தால் அது மனத்தில் நிலைக்கும் என்பது பழைய அனுபவம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியபோது மண்சரிவு கண்ட இடங்களில் முதலில் ஓடிவந்தவர் அயல் லயத்து இளைஞரே. அவர்களுக்கு முதலுதவிப் பயிற்சியும் இருந்திருந்தால் எவ்வளவு நன்று! செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன்ஸ் முதலுதவிப் படையும் அதனைப் பயிற்றுவிக்கின்றன. மாலையில் பத்துச் சிறுவருக்குப் பாடம், வாரம் ஒருமுறை முதியோருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தல், முதலுதவிப் பயிற்சி ஆகிய மூன்றையும் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்து, பாடசாலை அதிபரிடம் ஒரு கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள். எந்த நாட்டு நிறுவனமும் மதிக்கும் சாட்சி அது.

பல்கலைக்கழக இடத்தை எதன்பொருட்டும் இழக்கவேண்டாம். மானியங்கள் ஆணைக்குழு குறிக்கும் திகதிக்குள் விண்ணப்பமும் பதிவும் நடைபெறவேண்டும். தவறினால் அவ்வாண்டு இடம் போய்விடும். கடல் கடந்து செல்பவர் அதைக் கவனிக்க வீட்டில் ஒருவரை நியமித்துவிட்டே செல்லவேண்டும். ஓராண்டு வாய்க்காதவர் உள்ளூர்த் தொண்டோடும் மொழியோடும் நிறுத்திக்கொள்ளலாம்; அதில் குறைவொன்றுமில்லை.

பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை. மகளை அனுப்புவதா என்று நீங்கள் அஞ்சுவது இயல்பே. ஆனால் வீட்டுவேலைக்கென்று முன்பின் அறியாத தரகர் பின்னே நம் பெண்பிள்ளைகளை அனுப்பியிருக்கிறோம். அதைவிட, மொழி கற்று, சட்டப்படி, எழுத்திலுள்ள ஏற்பாட்டோடு செல்லும் பிள்ளைக்கு ஆபத்துக் குறைவு. மேற்சொன்ன ஐந்து கேள்விகளையும் மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோலக் கேளுங்கள். நகையை அடகுவைத்துத்தான் போகவேண்டும் என்றால் அந்த வழியை விட்டுவிடச் சொல்லுங்கள்.

முடிவாக, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். இம்மண்டபத்தில் வாரம் மூன்று மாலை மொழிக்குழு நடக்கட்டும். முதலாண்டு சிங்களமும் ஆங்கிலமும், அடுத்த ஆண்டு ஓர் அயல்மொழி. மேற்சொன்ன திட்டங்களின் விண்ணப்பக் காலங்களையும் நிபந்தனைகளையும் எழுதிவைக்கும் ஒரு கோவையைச் செயலாளர் பேணட்டும். ஆண்டுதோறும் அதைத் திருத்தவேண்டும். வெளிநாடு சென்று திரும்பும் எந்தப் பிள்ளையும் இம்மேடையில் ஒருமுறை பேசட்டும். நல்லதையும் சொல்லட்டும், கெட்டதையும் சொல்லட்டும். செலவு அதிகமில்லை. வேண்டியவை ஒரு கரும்பலகை, இரண்டு மின்விளக்கு, பொறுப்பேற்க ஒருவர்.

பாட்டனார் வந்த வழியில் கடன் கணக்கை எழுதியவர் வேறொருவர். பேரப்பிள்ளை செல்லும் வழியில் தன் கணக்கைத் தானே எழுதட்டும், தானே வாசிக்கட்டும். வருகிற திங்கட்கிழமையே மொழிக்குழுவைத் தொடங்குவதற்கு எத்தனைபேர் பெயர் கொடுக்கின்றீர்கள் என்று அறிய ஆவலாயிருக்கின்றோம்.